எலுமிச்சைக்குள் மூன்று சரித்திரம்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. எங்கள் ஊர் ராசிங்காபுரம். போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் பாதையில், மேற்கே மலையைப் பார்த்தபடி இருக்கும் ஊர். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே கிளம்பும் சத்தத்தில்தான் ஊரே விழிக்கும். தூக்கம் போச்சே என்று புலம்பிக்கொண்டிருந்த எனக்கு ஒரு கட்டுரைக்கான விஷயம் வீட்டிலேயே கிடைத்தது. கிடைத்த விதம்தான் சந்தோஷமானது இல்லை.

என் சித்தி போடியில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறார். இந்த முறை பார்த்தபோது இரண்டு கையும் விரல் இடுக்கெல்லாம் சிவந்து, தோல் வெடித்து, அரித்துக்கொண்டே இருந்தது. "என்ன சித்தி இது?" என்றால், "தெரியலப்பா, சோப்புத் தண்ணி ஒத்துக்கலன்னுதான் ஆரஞ்சு எண்ணெய்க்கு மாறினேன். அதுக்கப்புறம்தான் கூடிப்போச்சு" என்றார். ஒரு பொருட்காட்சியில் வாங்கிய பாட்டில். மேலே ஆரஞ்சும் எலுமிச்சையும் படம். "முழுக்க இயற்கை" என்று பெரிய எழுத்து. இயற்கைதானே என்று கையுறையைக் கழற்றி வைத்துவிட்டார். பாட்டிலை வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மூடி எங்கேயோ போய்விட, ஜன்னல் ஓரத்தில் துணியை அடைத்து வைத்திருந்தார்.

தோல் டாக்டர் பாட்டிலை எடுத்துவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இதுவாக இருக்கலாம். நிறுத்திப் பாருங்கள்" என்றார். சித்திக்கு நம்பிக்கை இல்லை. "எலுமிச்சம்பழம் கையைக் கெடுக்குமா? எங்க ஆத்தா காலமெல்லாம் எலுமிச்ச மூடியிலதான பாத்திரம் வெளக்குனா?" என்று என்னைக் கேட்டார்.

நியாயமான கேள்வி! அதற்குப் பதில் தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. கெமிஸ்ட்ரி என்று ஓடிவிடாதீர்கள். இது பெரும்பாலும் சரித்திரம்தான்.

முதலில் ஒரு தெர்மோகோல் அணை

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது பள்ளிக் கண்காட்சிக்காகத் தெர்மோகோலில் வைகை அணை செய்தேன். மதகு எல்லாம் வைத்து, நீல பெயின்ட் அடிக்கும் முன்பு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கமலா ஆரஞ்சை உரித்துத் தின்றேன். கொஞ்ச நேரத்தில் அணைச் சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள்! எறும்பு அரித்துவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன். அது எறும்பு இல்லை, உரித்தபோது தோலிலிருந்து தெறித்த சாறு என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

அதே தெர்மோகோலில் எலுமிச்சைச் சாற்றை ஊற்றிப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. அதே ஆரஞ்சுத் தோலை மூக்கருகே பிழிந்தால் நல்ல வாசனை. ஆக, ஒரே பழத்துக்குள் புளிப்பு, வாசனை, கரைப்பான் என்று மூன்று சமாச்சாரங்கள் இருக்கின்றன. நாம் மூன்றையும் சேர்த்து "எலுமிச்சை" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு வழியில் நம் வீட்டுக்குள் வந்தவை. தனித்தனியாகப் பார்ப்போம்.

1. புளிப்பின் சரித்திரம்

இதுதான் அம்மாச்சியின் எலுமிச்சை. பித்தளைக் குத்துவிளக்கு, செம்புக் குடம் இவற்றின் மேல் படியும் கறுப்பும் பச்சைக் களிம்பும் செம்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து உண்டாகும் சேர்மங்கள். புளி, எலுமிச்சை, புளித்த மோர் எதுவாக இருந்தாலும் அதில் இருக்கும் அமிலம் அந்தக் களிம்பைக் கரைத்து எடுத்துவிடும். ஊறுகாய்க்கும் சாதத்துக்கும் பிழிந்த பிறகு மிஞ்சும் மூடியைத் தூக்கி எறியாமல், கொஞ்சம் உப்போ சாம்பலோ தொட்டுத் தேய்ப்பார்கள். சாம்பலும் உப்பும் சுரண்டுவதற்கு, மூடியில் ஒட்டியிருக்கும் சாறு கரைப்பதற்கு.

இந்த வேதியியல் நம் ஆட்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது என்பதற்கு ஈயம் பூசும் தொழிலே சாட்சி. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்று தெரிந்துதான் உள்ளே ஈயம் பூசினார்கள். வெளியே களிம்பை எடுக்கும் அதே புளிப்பு உள்ளே செம்பைச் சாப்பாட்டில் கலந்துவிடும் என்பதை எந்தப் புத்தகமும் படிக்காமல் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அவர்கள் எலுமிச்சையை நம்பவில்லை. அதற்குச் சாம்பல், சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை என்று தனி வரிசை இருந்தது. சாம்பலில் இருப்பது காரம். அது கொழுப்போடு சேர்ந்து சோப்பு மாதிரி ஆகும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பது நுரைக்கும் சபோனின். களிம்புக்குப் புளிப்பு, பிசுக்குக்குச் சாம்பல் என்று வேலையைப் பிரித்தே வைத்திருந்தார்கள்.

இந்தப் புளிப்பை எலுமிச்சைச் சாற்றிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் ஷீலே. வருடம் 1784. அதுதான் சிட்ரிக் அமிலம். அதன் பிறகு நூறு வருடங்களுக்கும் மேல் உலகத்துக்குச் சிட்ரிக் அமிலம் முக்கியமாக இத்தாலியின் எலுமிச்சைத் தோட்டங்களிலிருந்து வந்தது. 1917ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கரி என்ற விஞ்ஞானி, கறுப்புப் பூஞ்சை ஒன்று சர்க்கரைக் கரைசலைத் தின்று சிட்ரிக் அமிலத்தை ஏராளமாக வெளியே தள்ளுகிறது என்று காட்டினார். 1919ல் ஃபைசர் கம்பெனி அந்த முறையில் உற்பத்தியைத் தொடங்கியது. இத்தாலியின் எலுமிச்சை வியாபாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. இன்றைக்கு உலகத்தில் விற்கும் சிட்ரிக் அமிலத்தில் கிட்டத்தட்ட எல்லாமே பூஞ்சை செய்ததுதான். கடையில் "லெமன் சால்ட்" என்று வாங்கும் எலுமிச்சை உப்பில் எலுமிச்சையே கிடையாது!

2. வாசனையின் சரித்திரம்

இது எங்கள் மலைப்பக்கத்துக் கதை. ஆகவே கொஞ்சம் விரிவாக.

முதலில் ஒரு சொல். ஆங்கிலத்தில் "ஆரஞ்சு" என்கிறோமே, அந்தச் சொல் ஸ்பானிஷ் "நரன்ஹா"விலும் அரபு "நாரஞ்ச்"சிலும் பாரசீக "நாரங்"கிலும் போய், சம்ஸ்கிருத "நாரங்க"த்தில் நிற்கிறது. அந்தச் சொல்லுக்கும் மூலம் நம் திராவிட மொழிகள்தான் என்று பல சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நம் "நாரத்தை"யும் அந்தக் குடும்பம்தான். "நறு" என்ற மணத்தைக் குறிக்கும் வேரோடு அதை இணைப்பவர்களும் உண்டு. அது சரி என்றால், உலகம் முழுக்க அந்தப் பழத்தை வாசனையை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம்.

எலுமிச்சை வாசனைக்குக் காரணமான பொருளின் பெயர் சிட்ரால். வேடிக்கை என்னவென்றால், எலுமிச்சைத் தோல் எண்ணெயில் சிட்ரால் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பங்குதான். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில் வளரும் ஒரு புல்லின் எண்ணெயில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் சிட்ரால்! அதுதான் எலுமிச்சைப் புல். அதன் எண்ணெய்க்குப் புல் தைலம் என்று பெயர். எலுமிச்சையைவிட எலுமிச்சையாக மணக்கும் புல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரிலிருந்து போடி போய், போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாக மூணாறு போய், அந்தப் பக்கம் இறங்கினால் மறையூர் வரும். சந்தனத்துக்கும் வெல்லத்துக்கும் பெயர் போன ஊர். அங்கே மலைச்சரிவுகளில் முதுவர் இன மக்கள் புல் தைலம் காய்ச்சுகிறார்கள். பெரிய உலோகக் கொப்பரையில் புல்லை அமுக்கி நிரப்பி, அடியில் தண்ணீர் வைத்து விறகால் எரிப்பார்கள். நீராவி புல்லின் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு குழாய் வழியாக வெளியே வரும். குழாய் குளிர்ந்த தண்ணீருக்குள் போகும்போது ஆவி மறுபடி நீராகி, எண்ணெய் மேலே மிதக்கும். நூறு கிலோ புல்லுக்கு அரைக் கிலோ எண்ணெய் கிடைத்தாலே பெரிய விஷயம். கேரள வீடுகளில் தரை துடைக்கும் தண்ணீரில் இதில் சில துளி விடும் வழக்கம் உண்டு. ஈ, கொசு அண்டாது என்பார்கள்.

இது வீட்டோடு நின்றுவிடவில்லை. 19ம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே திருவிதாங்கூர், மலபார் பக்கத்துப் புல் தைலம் கொச்சித் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. அங்கே அதற்குக் "கொச்சின் ஆயில்" என்றே பெயர். மலிவு சோப்புக்கு எலுமிச்சை வாசனை கொடுத்தது பெரும்பாலும் இந்தப் புல்தான். 1893ல் ஜெர்மனியில் டீமனும் க்ரூகரும் சிட்ராலிலிருந்து வயலட் பூ வாசனை தரும் அயனோன் என்ற பொருளைச் செய்தார்கள். 1947ல் ஸ்விட்சர்லாந்தின் ஹாஃப்மன் லா ரோச் கம்பெனியில் ஓட்டோ ஐஸ்லர் குழுவினர் அந்த அயனோனிலிருந்து வைட்டமின் ஏ தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். புல்லுக்கு மவுசு ஏறியது. 1951ல் கேரளத்தின் ஓடக்காலியில் இந்தப் புல்லுக்காகவே ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்தது.

பிறகு? வழக்கமான கதைதான். டர்பன்டைனிலிருந்தும் பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்தும் சிட்ரால் செய்யக் கற்றுக்கொண்டார்கள். 2004ல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் பிஏஎஸ்எஃப் கம்பெனி வருடத்துக்கு 40,000 டன் சிட்ரால் செய்யும் ஆலையைத் திறந்தது. நூறு கிலோ புல்லுக்கு அரைக் கிலோ எடுப்பவர் இதனோடு எப்படிப் போட்டி போடுவார்? இன்றும் புல் தைலம் காய்ச்சுகிறார்கள். ஆனால் உலகத்தின் எலுமிச்சை வாசனை இப்போது அவர்கள் கையில் இல்லை.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. துளி அளவு வாசனை கறையை எடுக்காது. பாத்திரம் விளக்கும் சோப்பில் பிசுக்கை எடுப்பது அதில் உள்ள டிடர்ஜென்ட். எலுமிச்சை மணம் நம் மனசுக்காக. "புளிப்பு போட்டுத் தேய்த்தால் பளபளக்கும்" என்று அம்மாச்சியிடம் கற்ற நினைவு நமக்குள் இருக்கிறதே, அந்த நினைவைத்தான் வாசனை தட்டி எழுப்புகிறது.

3. கரைப்பானின் சரித்திரம்

இப்போது என் வைகை அணையைக் கரைத்த ஆசாமி. பெயர் லிமோனீன். ஆரஞ்சுத் தோலின் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அவை எண்ணெய்ப் பைகள். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் லிமோனீன்தான். எலுமிச்சைத் தோல் எண்ணெயில் சுமார் அறுபத்தைந்து, எழுபது. இது தண்ணீரோடு சேராது. எண்ணெய், கிரீஸ், தார், ஸ்டிக்கர் பசை, ரப்பர், தெர்மோகோல் இவற்றோடு சேரும். தண்ணீர் உப்பைக் கரைப்பது போல இது பிசுக்கைக் கரைக்கும்.

இந்த மாதிரி எண்ணெய்களை ஒழுங்காகப் பிரித்துப் புரிந்துகொண்டவர் ஓட்டோ வாலாக் என்ற ஜெர்மானியர். பான் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பாடம் எடுக்க வேண்டி வந்தபோது, யாரும் தொடாமல் அலமாரியில் கிடந்த வாசனை எண்ணெய் பாட்டில்கள் அவர் கண்ணில் பட்டன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய ஆரம்பித்தார். வெவ்வேறு செடிகளின் பெயரில் இருந்த பல எண்ணெய்களுக்குள் இருப்பது அதே சில பொருள்கள்தான் என்று காட்டினார். 1910ல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் ஏலக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எண்ணெயில் நிறைய இருக்கும் சினியோல்தான் ஊட்டி நீலகிரித் தைலத்திலும் முக்கியப் பொருள். லிமோனீனும் ஏலக்காயில் கொஞ்சம் உண்டு. அம்மாச்சி தோட்டத்திலிருந்து வந்தால் கையில் அடிக்குமே ஒரு வாசனை, அதில் இவரும் இருந்திருக்கிறார். :-)

சரி, நம் வீடுகளில் தோல் எண்ணெயைக் கரைப்பானாகப் பயன்படுத்தினோமா? காய்ந்த எலுமிச்சைத் தோலையும் ஆரஞ்சுத் தோலையும் சீயக்காயோடு அரைத்தோம், வாசனைக்காக. எண்ணெயைத் தனியே பிழிந்து எடுத்து கிரீஸ் துடைக்கவில்லை. காரணம் எளிது. ஒரு பழத்தோலில் கிடைப்பது சில துளிதான். அதைவிட மலிவாக இன்னொன்று வந்துவிட்டது. அதுதான் சீமெண்ணெய். சீமையிலிருந்து வந்த எண்ணெய் என்பதால் அந்தப் பெயர். எங்கள் பக்கம் கிருஷ்ணாயில் என்பார்கள். விளக்குக்கும் அடுப்புக்கும் என்று ரேஷனில் வாங்கியது, சைக்கிள் செயின், ஃபேன் இறக்கை, பெயின்ட் பட்ட கை, தையல் மெஷின் எல்லாவற்றையும் சுத்தம் செய்தது. தமிழ்நாட்டு வீடுகளின் கரைப்பான் நெடுநாள் மண்ணெண்ணெய்தான்.

தோல் எண்ணெய்க்குக் காலம் வந்தது அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில். 1940களின் இரண்டாம் பாதியில் அங்கே ஆரஞ்சுச் சாற்றைச் சுண்டவைத்து உறையவைத்து விற்கும் முறை வந்தது. ஒரு ஆரஞ்சில் கிட்டத்தட்டப் பாதி எடை சாறு போக மிஞ்சும் தோலும் சக்கையும். மலை மலையாகக் குவிந்தது. அதைச் சுண்ணாம்பு சேர்த்துப் பிழிந்து காயவைத்து மாட்டுத் தீவனமாக்கினார்கள். பிழிந்த நீரைச் சுண்டக் காய்ச்சும்போது ஆவியோடு லிமோனீன் வந்தது. யாரும் கேட்காமலே வந்து சேர்ந்த பொருள்! பசைகளுக்கான பிசின், பெயின்ட் என்று அதற்கு வேலை தேடிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய வேலை வானத்திலிருந்து வந்தது. எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் சர்க்யூட் போர்டில் பற்றவைத்த பிறகு ஒட்டியிருக்கும் பிசுக்கைக் கழுவ சிஎஃப்சி-113 என்ற திரவத்தைப் பயன்படுத்தி வந்தார்கள். சிஎஃப்சி வகைப் பொருள்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974ல் எச்சரித்தார்கள். 1985ல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் ஓட்டை பற்றிய ஆய்வு வெளியானது. 1987ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். (இந்தியா சேர்ந்தது 1992ல்.) மாற்று எங்கே என்று எல்லோரும் தவித்தபோது, 1988 ஜனவரியில் ஏடி அண்டு டி கம்பெனியும் ஃப்ளோரிடாவின் பெட்ரோஃபெர்ம் என்ற சிறு கம்பெனியும் ஒரு மாற்றை அறிவித்தன. ஆரஞ்சு போன்ற பழங்களின் தோலிலிருந்து வந்த கரைப்பான்! டெலிபோன் கம்பெனி சர்க்யூட் போர்டு கழுவ ஆரஞ்சுத் தோல் என்றால் செய்தி ஆகாமல் இருக்குமா?

அதன் பிறகுதான் "சிட்ரஸ் கிளீனர்" என்ற சொல் தொழிற்சாலையிலிருந்து வீட்டு அலமாரிக்கு இறங்கியது. ஜப்பானில் சோனி கம்பெனி 1990களில் பழைய தெர்மோகோலை லிமோனீனில் கரைத்து மறுசுழற்சி செய்யும் முறையை உருவாக்கியது. நான் எட்டாம் வகுப்பில் செய்ததையே அவர்கள் திட்டம் போட்டுச் செய்திருக்கிறார்கள்!

இதிலும் ஒரு சோகம் உண்டு. 2005ல் ஃப்ளோரிடாவில் ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் கிரீனிங் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு சின்னப் பூச்சி பரப்பும் பாக்டீரியா. 2003-04ல் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில் 2022-23ல் விளைந்தது 1.6 கோடிப் பெட்டிக்கும் குறைவு. நம் கீழ்ப் பழனி மலையின் கமலா ஆரஞ்சுத் தோட்டங்களும் நோயால் நலிந்தவைதான். மிச்சத்திலிருந்து வரும் பொருளுக்கு இதுதான் கதி. ஜூஸ் குறைந்தால் கரைப்பானும் குறையும்.

சித்தியின் கைக்கு என்ன ஆனது?

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். அம்மாச்சி பயன்படுத்தியது புளிப்பு. மூடியில் எண்ணெய் இருந்தாலும் ஒரு மூடிக்குச் சில துளி, அதுவும் அன்றைக்கு வெட்டிய பழம். சித்தி பயன்படுத்தியது கரைப்பான். ஆயிரக்கணக்கான தோல்களின் எண்ணெய் ஒரே பாட்டிலில். இரண்டும் ஒரே பழத்திலிருந்து வந்தாலும் ஒரே பொருள் இல்லை.

கரைப்பானுக்குக் கிரீஸ் எது, நம் தோலில் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசை எது என்று வித்தியாசம் தெரியாது. இரண்டையும் எடுத்துவிடும். இது ஒன்று. இரண்டாவது விஷயம் மூடியில்லாத பாட்டில். 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். புதிய லிமோனீன் தோலுக்கு அவ்வளவாக ஒவ்வாமை தருவதில்லை. ஆனால் காற்றுபட்டு ஆக்ஸிஜனோடு சேர்ந்து நாள்பட்டால் அதில் உண்டாகும் பெராக்ஸைடு வகைப் பொருள்கள் கடுமையான தோல் ஒவ்வாமையைத் தரும். அதனால்தான் ஐரோப்பாவில் 2005லிருந்து, அழகுசாதனப் பொருள்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் லிமோனீன் இருந்தால் லேபிளில் பெயர் போட வேண்டும் என்று சட்டம். நம் சித்தியின் பாட்டிலோ ஒரு வருடம் ஜன்னல் காற்றில் கிடந்தது! இதுதான் காரணம் என்று டாக்டரே அடித்துச் சொல்லவில்லை, நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் பாட்டிலை நிறுத்தி, மருந்து தடவி, கையுறையும் போட்ட பிறகு கை தேறிவிட்டது.

சிட்ரஸ் கிளீனர் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஓசோனை அழித்த திரவத்தைவிட, வீட்டில் மண்ணெண்ணெய் நாற்றத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் "இயற்கை" என்பது எங்கிருந்து வந்தது என்று சொல்லும் சொல். எப்படிக் கையாள வேண்டும் என்று அது சொல்லாது. லேபிளில் அந்தச் சொல் இருந்ததால் சித்தி கையுறையைக் கழற்றினார். சோப்புத் தண்ணீருக்குக் காட்டிய எச்சரிக்கையைக்கூட ஆரஞ்சுக்குக் காட்டவில்லை.

ஆகவே, படித்ததிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டவை:

புளிப்பு வேண்டிய இடம்: பித்தளை, செம்பு, போர் தண்ணீரால் குழாயில் படியும் வெள்ளை உப்புக்கறை. இதற்குப் பிழிந்த எலுமிச்சை மூடியே போதும். மார்பிள், மொசைக் தரையில் மட்டும் வேண்டாம். அமிலம் சுண்ணாம்புக் கல்லைத் தின்றுவிடும்.

கரைப்பான் வேண்டிய இடம்: ஸ்டிக்கர் பசை, சூயிங்கம், கிரீஸ், அடுப்பைச் சுற்றிய எண்ணெய்ப் பிசுக்கு. கையுறை அவசியம். தெர்மோகோல், ரப்பர், பெயின்ட் பக்கம் போகாதீர்கள். சுமார் 48 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே தீப்பற்றக்கூடிய ஆவி கிளம்பும் பொருள் இது. எரியும் அடுப்பருகே வேண்டவே வேண்டாம். சின்ன பாட்டிலாக வாங்கி, இறுக்கி மூடி, வெயில் படாமல் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

கொரோனா ஊரடங்கில் பிரபலமான "பயோ என்சைம்" பற்றியும் கேட்பீர்கள். வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு போட்டு மூன்று மாதம் புளிக்கவைப்பது. அதில் கிடைப்பது பெரும்பாலும் காடி மாதிரியான புளிப்பு நீர். ஆக, அது அம்மாச்சி கட்சி. களிம்புக்கும் உப்புக்கறைக்கும் நல்லது. எண்ணெய்ப் பிசுக்குக்கு அதிகம் எதிர்பார்க்காதீர்கள். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடுங்கள், இல்லாவிட்டால் பாட்டில் வெடிக்கும். (எங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் தடம் இருக்கிறது!)

யோசித்துப் பாருங்கள். கடையில் எலுமிச்சை படம் போட்ட ஒரு பாட்டில். அதன் புளிப்பு ஏதோ ஒரு தொட்டியில் பூஞ்சை செய்தது. வாசனை ஜெர்மனி ஆலையிலோ மறையூர்ப் புல்லிலோ வந்தது. கரைப்பான் என்று ஒன்று இருந்தால் அது ஆரஞ்சுத் தோல். எலுமிச்சை மட்டும் படத்தில்!

இதையெல்லாம் சித்தியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எங்க ஆத்தா சொன்னது சரிதான?" என்றார். சரிதான் என்றேன். "அது போதும்" என்று எழுந்து போனார். அடுத்த நாள் பார்த்தால் லாட்ஜுக்கு எடுத்துப்போகும் பையில் ஒரு ஜோடி கையுறை. புது பாட்டிலின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, வாங்கிய தேதியைப் பேனாவால் எழுதி வைத்திருந்தார்.

உங்கள் வீட்டில் பாட்டிமார் பாத்திரம் விளக்க, கறை எடுக்க வேறு என்ன வைத்திருந்தார்கள்? தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த லீவுக்கு விஷயம் தேட வேண்டாம் பாருங்கள்.